1966 எம்ஜிபி ரோட்ஸ்டர்: எஞ்சின் சூடேறியதும் தயங்குகிறது

ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே நான் வைத்திருக்கும் 1966 ஆம் ஆண்டு எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), கிளம்பி இருபது நிமிடம் வரை பழுதின்றி ஓடி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் 2000 முதல் 3000 ஆர்பிஎம் வரை தயங்கி, பின்பக்கக் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவி) வழியாகச் சீறுகிறது. கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைச் சற்றே இழுத்தால் தயக்கம் மறைவதால், கலவையில் பெட்ரோல் குறைகிறது என்றே கருதுகிறேன். ஆறு வாரங்களாக இதே நிலை.

அபிங்டன் ஆலையில் உருவான வண்டி. ஐந்து மெயின் பேரிங் கொண்ட 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின், இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர்கள், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்த) மின்னமைப்பு என அனைத்தும் அசலானவை. அவற்றை மாற்றாமல் காப்பாற்றவே விரும்புகிறேன்.

எஸ்யூ கார்புரேட்டரில் வெற்றிடத்தால் அதன் உள்ளே இருக்கும் பிஸ்டன் உயரும்போது, அதனுடன் இணைந்த கூம்பு ஊசி ஜெட்டிலிருந்து மேலெழுந்து பெட்ரோலை அளந்து விடுவதால், முதலில் அங்கேயே சந்தேகம் கொண்டேன். ஒவ்வொரு பிஸ்டனும் தன் அறையோடு மட்டுமே பொருந்தும் என்பதால் இடம் மாறாமல் கழற்றித் துடைத்தேன்; இரண்டும் தடையின்றி விழுகின்றன. டேம்பர் எண்ணெய், ஃப்ளோட் நீடில் வால்வுகள், ஃபில்டர், கண்டென்சர் அனைத்தும் புதியவை. பற்றவைப்புப் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம். மேனிஃபோல்ட் கேஸ்கட்டில் காற்றுக் கசிவு இல்லை. பம்ப் சூட்டிலும் சீராகவே அனுப்புகிறது. வெப்பத் தடுப்புத் தகடும் இடத்தில் இருக்கிறது.

எஞ்சியவை இரண்டு: த்ராட்டில் ஸ்பிண்டில் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகட்டின் தண்டு) தேய்ந்து காற்று புகுவது, அல்லது பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் ஆவியாவது. கார்புரேட்டரைக் கழற்றாமலே இவ்விரண்டில் எது காரணம் என்று பிரித்தறிவது எப்படி?