புதுப்பிப்பு: தங்கை கல்யாணம், 8 லட்ச பட்ஜெட்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 8 லட்சத்துக்குள் தங்கை கல்யாணத்தை முடிக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். கிட்டத்தட்ட முடிந்தது, 8,22,000 ரூபாயில்.

பெரிதும் கைகொடுத்தது "இலைக் கணக்கில் பேசுங்கள்" என்ற யோசனைதான். சமையல்காரர் முதலில் 600 பேருக்கு மொத்தமாக ஒன்றரை லட்சம் கேட்டார். குறைந்தது 400 இலை, அதற்கு மேல் எண்ணிக்கைப்படி, இலைக்கு 250 ரூபாய் என்று மாற்றிப் பேசினோம். பந்திக்குப் பந்தி எண்ண சித்தப்பாவை நிறுத்தினேன் (மனிதர் தாலி கட்டுவதைக்கூடப் பார்க்கவில்லை, பாவம்). 463 இலை, 1,15,750 ரூபாய். 34,250 மிச்சம்.

நகைக்கடையில் மாதச் சீட்டு 11 மாதம் கட்டியதும் சரிதான். ஆனால் சீட்டுக்குக் கிடைக்கும் சேதாரத் தள்ளுபடிக்கு (சேதாரம் என்பது நகை செய்கையில் வீணாகும் தங்கத்துக்கு வாங்கும் கட்டணம்) ஓர் உச்சவரம்பு உண்டு; வேலைப்பாடு அதிகமான ஆரத்துக்கு மீதியைக் கையிலிருந்து கட்டினோம். 3% ஜிஎஸ்டியும் தனி.

எதிர்பாராதது மண்டபம். வாடகை போக கரண்ட் யூனிட், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு என்று 31,000 கூடுதல். பட்ஜெட் தாண்டியது அங்கேதான். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், மொய்ப் பணத்தை நம்பி எதையும் திட்டமிடவில்லை. வந்ததை அப்படியே அம்மா பெயரில் போட்டுவிட்டோம்.