வீட்டுப் பட்டறைக்குச் சின்ன சிஎன்சி மில்லிங் மெஷின்: எதை வாங்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில், வீட்டை ஒட்டிய 10க்கு 12 அடி அறையில் பட்டறை வைத்திருக்கிறேன். படகு இன்ஜின்களுக்கு அலுமினிய பிராக்கெட் செய்து தருகிறேன்.

இப்போது இருப்பது 3018, அதாவது 30க்கு 18 செ.மீ. பரப்பில் கம்ப்யூட்டர் கட்டளைப்படி வெட்டும் சின்ன சிஎன்சி மெஷின். மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும் அது போதும். அலுமினியத்தில் 0.2 மி.மீ. ஆழம் கொடுத்தாலே அதிர்கிறது. போன வாரம் சீவல் இளகி 3 மி.மீ. எண்ட் மில் கட்டரின் பள்ளத்தில் அப்பிக்கொண்டது. அடுத்த நொடி கட்டர் படக்கென்று முறிந்துவிட்டது.

இரண்டு யோசனை இருக்கிறது. 1.5 கிலோவாட் ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் மோட்டார்), பால் ஸ்க்ரூவோடு (மெஷினை நகர்த்தும், குண்டுகள் உருளும் திருகு) 6040 ரவுட்டர் (60க்கு 40 செ.மீ. பரப்பில் வெட்டும் சிஎன்சி) வாங்கலாம். இல்லை, வார்ப்பிரும்பு பெஞ்ச் மில் (கையால் ஓட்டும் மேசை மில்லிங் மெஷின்) வாங்கி, அதைச் சிஎன்சி ஆக்க ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகத் திரும்பும் மோட்டார்) மாட்டலாம். மனசு இரண்டாவதில்தான் நிற்கிறது, எடை இருந்தால்தான் அதிர்வு அடங்கும். ஆனால் இந்த உப்புக்காற்றை நினைத்தால் பயம். ராத்திரி எண்ணெய் தடவாமல் விட்ட வைஸில் காலையில் துரு பூத்திருக்கிறது.

சிங்கிள் ஃபேஸ் கரண்ட், கையில் ஒன்றரை லட்சம். கடலோரத்தில் பால் ஸ்க்ரூ, லீனியர் ரயில் (நகரும் பாகத்தைத் தாங்கும் எஃகுத் தடம்) உள்ள மெஷின் ஓட்டுகிறவர்கள் துருவை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அப்புறம், புதுச்சேரிப் பக்கம் யாராவது அலுமினியம் வெட்டுகிறீர்கள் என்றால் ஒருநாள் வந்து பார்க்கலாமா? 10 மி.மீ. தகடு நானே கொண்டு வருகிறேன்.