தோட்டத்துப் பாதைக்கு 2 அங்குல லிஃப்ட் தேவையா?

காப்பித்தோட்டம்:
வணக்கம். தாண்டிக்குடி பக்கம் காப்பி, மிளகுத் தோட்டம் வைத்திருக்கிறோம். வண்டி 2021 மஹிந்திரா தார், டீசல், ஃபோர் வீல். மெயின் ரோட்டிலிருந்து தோட்டம் வரைக்கும் மண்பாதை. மழையில் இரண்டு பக்கமும் அரித்து, நடுவில் முதுகு தூக்கி நிற்கும்; அங்கங்கே பாறை. காலி வண்டிக்குப் பிரச்சினையே இல்லை. பின்சீட்டை மடக்கி உரமோ காப்பி மூட்டையோ 240 கிலோ வரை ஏற்றினால்தான் பின்பக்கம் உட்கார்ந்து, பள்ளத்தில் 'டம்' என்று அடிக்கிறது. அதே லோடுடன் வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது வளைவுகளில் வண்டி அலைகிறது. அடுத்த வருடம் முன்னால் வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று உருளை) மாட்டும் எண்ணமும் உண்டு. நான்கு சக்கரத்துக்கும் 2 அங்குல லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்களின் செட்) போட்டுவிடலாமா? வாரக் கடைசியில் அப்பா, அம்மாவும் இதே வண்டியில்தான் வருவார்கள்.

லோ ரேஞ்ச்:
போடுங்கள். யோசிக்கவே வேண்டாம். கம்பெனி ஸ்பிரிங் எல்லாருக்கும் பொதுவாகச் செய்தது. தினமும் ஆபீஸ் போகிறவருக்கும் அதுதான், மூட்டை ஏற்றுகிற உங்களுக்கும் அதுதான். ஆனால் ஒன்று, வெறும் ஸ்பேசரை, அதாவது ஒரு தடிப்பு வளையத்தை, வைத்துத் தூக்குவதை நான் லிஃப்ட் என்று சொல்லமாட்டேன். ஸ்பிரிங்கும் ஷாக்கும் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) ஒன்றுக்கொன்று பொருத்தமாக, ஒரே செட்டாக வர வேண்டும். நடுவயிறு 50 மி.மீ. மேலே போனால் அந்த மண் முதுகைத் தட்டாமல் தாண்டலாம். வின்ச்சும் இரும்பு பம்பரும் சேர்ந்தால் ஒரு ஆள் எடை முன்சக்கரத்துக்கும் முன்னால் தொங்கும், அதையும் இந்தக் கிட்டே தாங்கிவிடும். ஒரே தடவை செலவு.

கொண்டை ஊசி:
நண்பர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஸ்பேசர் வேண்டாம் என்பது சரி. ஆனால் 50 மி.மீ. தூக்கினால் எல்லாம் தாண்டிவிடலாம் என்பது சரியில்லை. இந்த வண்டியில் பின் ஆக்சில், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் தண்டு, ஒரே துண்டு, அதன் நடுவில் டிஃபரன்ஷியல் குண்டு (இரு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் பற்சக்கரப் பெட்டி). ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அந்தக் குண்டு தரையிலிருந்து ஒரு மி.மீ. கூட எழும்பாது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். 255/65 ஆர்18 டயரை 255/70 ஆக மாற்றினால் விட்டம் 25 மி.மீ. கூடும், ஆக்சில் அதில் பாதி, 12-13 மி.மீ. எழும்பும். அவ்வளவுதான் கிடைக்கும். ஆகவே முதலில், அடியில் எது அடிக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் லோடில் உட்காராது என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்னால் இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து 1 மி.மீ. அமுங்க 8 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 240 கிலோ ஏற்றினால் 30 மி.மீ. இறங்கும். கால் பங்கு கடினமான ஸ்பிரிங் போட்டால் 24 மி.மீ. இறங்கும். மிச்சம் வெறும் 6 மி.மீ.! அந்த 6 மி.மீ.க்காக மூட்டை இல்லாத நாளெல்லாம் உங்கள் அப்பா, அம்மா குலுங்கிக்கொண்டு வர வேண்டும்.

லோ ரேஞ்ச்:
அந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போனது. லிஃப்ட் ஸ்பிரிங் கடினம் மட்டுமல்ல, உயரமும் கூட. 50 மி.மீ. உயரத்திலிருந்து 24 இறங்கினாலும் பழைய காலி வண்டியைவிட 26 மேலேதான் நிற்கும். பம்ப் ஸ்டாப் (முழுசாக அமுங்கும்போது முட்டும் ரப்பர்) வரை அமுங்குவதற்கு அவ்வளவு இடம் கூடுதலாகக் கிடைக்கிறது. 'டம்' என்று அடிப்பது அந்த இடம் தீர்ந்துபோவதால்தான். டிஃபரன்ஷியலைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் சக்கரம் போகும் தடத்தில் அரித்து, நடுவில் முதுகு தூக்கிய பாதை என்கிறார். அங்கே சேஸிஸும் சைடு ஸ்டெப்பும் தட்டாமல் இருப்பதும் முக்கியம்.

கொண்டை ஊசி:
உயரக் கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த உயரத்துக்குக் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டுமே. வண்டியின் உயரமும் கனமும் கூடினால் கொண்டை ஊசி வளைவில் சாய்வும் கூடும். முதியவர்கள் ஏறி இறங்கும் வண்டி. ஏற்கெனவே படி உயரம். அப்புறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் இதைத்தான் கேட்பார்.

லோ ரேஞ்ச்:
ஷாக்கும் ஸ்பிரிங்கும் தேய்ந்துபோகிற பாகங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும். கம்பெனி உயரத்திலேயே நல்ல ஷாக் போடுவதை யாரும் தவறு என்று சொல்லமாட்டார்கள். 2 அங்குலம் தூக்கினால் கேள்வி வரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பயத்தில் ஒன்றும் செய்யாமல், லோடு வண்டியை அலையவிட்டு மலை இறங்குவது அதைவிட ஆபத்து.

ஸ்பேனர் செட்:
பட்டறை வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இரண்டு பேரும் வண்டியைப் பார்க்காமலே வாதாடுகிறீர்கள். தம்பி, முதலில் இதைச் செய்யுங்கள். நான்கு சக்கரத்திலும் ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள், காலியாக ஒரு தடவை, முழு லோடில் ஒரு தடவை. பிறகு பம்ப் ஸ்டாப் ரப்பர் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எம்-சீலோ களிமண்ணோ உருட்டி ஒட்டிவிட்டுத் தோட்டத்துப் பாதையில் வழக்கமான வேகத்தில் ஓட்டுங்கள். எது நசுங்கியிருக்கிறதோ அந்தச் சக்கரத்தில்தான் இடம் தீர்கிறது. ஒன்றுமே நசுங்காமல் சத்தம் மட்டும் வந்தால் அது வேறு கோளாறு, புஷ்ஷை (இணைப்புகளில் இருக்கும் ரப்பரை) பார்க்க வேண்டும்.

பாதை முடிந்ததும் இறங்கி நான்கு ஷாக்கின் உடம்பையும் கையால் தொட்டுப் பாருங்கள், பட்டும் படாமலும், நன்றாகச் சுடும். ஷாக்கின் வேலையே ஆட்டத்தை வெப்பமாக மாற்றுவதுதான். பின்னால் ஒன்று சூடாகவும் அதன் ஜோடி சில்லென்றும் இருந்தால், சில்லென்று இருப்பது செத்துவிட்டது. எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். வளைவில் அலைவது பெரும்பாலும் இதனால்தான். உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முன்பக்கத்தைச் சும்மா தொடாதீர்கள். மாருதி ஜிம்னிக்குச் சொல்லும் யோசனையெல்லாம் இதற்கு ஒத்துவராது. அதில் முன்னாலும் ஒரே துண்டான ரிஜிட் ஆக்சில், இதில் டபுள் விஷ்போன் (ஒவ்வொரு சக்கரமும் மேலும் கீழும் உள்ள இரண்டு கைகளில் தனித்தனியாக அசையும் அமைப்பு). ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) மேல் 25 மி.மீ. வைத்தால் சக்கரத்தில் அதைவிட அதிகமாக இறங்கும். சிவி ஜாயின்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு) சாய்வு கூடிவிடும், மேல் பால் ஜாயின்ட் (பந்து மூட்டு) அசைவின் ஓரத்துக்குப் போகும், கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) மாறும். ஜாயின்ட்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியே வந்து, மணல் உள்ளே போன ஜாயின்ட்டுகளை நான் கழற்றியிருக்கிறேன். பெயர் தெரியாத மலிவு ஸ்பேசர் போட்ட வண்டிகள்தான் அதிகம்.

எப்போதாவது மட்டும் லோடு ஏற்றுகிறவருக்கு இன்னொரு வழி, பின் காயில் ஸ்பிரிங்குக்கு உள்ளே வைக்கும் காற்றுப் பை. மூட்டை ஏற்றும்போது காற்று பிடித்து நிமிர்த்தலாம், இறக்கியதும் குறைத்துவிடலாம். காலி வண்டி பழையபடியே மெத்தென்று போகும். ஆனால் மேனுவலில் இருக்கும் எடை வரம்பு அப்படியே இருக்கும். பை வந்துவிட்டது என்று இன்னும் இரண்டு மூட்டை ஏற்றக்கூடாது.

லோ ரேஞ்ச்:
அண்ணே, காற்றுப் பையில் பிரஷர் ஏற்றினால் அதுவும் கடினமான ஸ்பிரிங் மாதிரிதானே? அதற்குத் தகுந்த ஷாக் வேண்டாமா? பழைய ஷாக்கே இருந்தால் பள்ளத்தில் அமுங்கிய பின்பக்கம் எகிறித் தூக்கும்.

ஸ்பேனர் செட்:
வேண்டும். அதில் உங்கள் பக்கம்தான் நான்.

கொண்டை ஊசி:
டயர் காற்றை யாரும் பேசவில்லை. மண்பாதை ஆரம்பிக்கும் இடத்தில் 25 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிவிட்டால் பாதிக் குலுங்கல் அங்கேயே போய்விடும். டேஷ்போர்டில் செருகும் சின்ன கம்ப்ரஸர் ஒன்று போதும், ரோட்டுக்கு வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம்.

ஸ்பேனர் செட்:
காலி வண்டிக்குச் சரி. 240 கிலோவோடு பாறையில் போகும்போது பின் டயரில் அவ்வளவு இறக்காதீர்கள். பக்கச் சுவர் பிதுங்கி, கூர்க்கல் கிழித்தால் ஒட்டுப் போடவும் முடியாது. முன் டயரில் இறக்குங்கள், பின்னால் கொஞ்சமாக.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பாருங்கள். பட்டை ஸ்பிரிங்தான். நாள் முழுக்க ஆள் ஏற்றி, அந்தப் பாறைப் பாதையில் லோ கியரில் நடை வேகத்தில் ஊர்ந்துதான் போகிறார்கள். வேகத்தைக் குறைத்தால் பம்ப் ஸ்டாப்பில் விழும் அடியும் குறையும்.

லோ ரேஞ்ச்:
அந்த ஜீப்பை உதாரணம் காட்டினால், அந்த ஓட்டுநர்களுக்குப் பட்டை மாற்றுவது வழக்கமான வேலை என்பதையும் சொல்லுங்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. இவருக்கு மாதாமாதம் பட்டறைக்கு வர நேரம் இருக்குமா?

காப்பித்தோட்டம்:
எல்லாருக்கும் நன்றி. ஸ்பேனர் செட் அண்ணன் சொன்னபடி செய்து பார்த்துவிட்டேன். லோடில் பின்பக்கம் இரண்டிலும் எம்-சீல் அப்பளமாக நசுங்கியிருந்தது. முன்னால் உருண்டை அப்படியே இருக்கிறது. காலி வண்டியில் பின்னாலும் நசுங்கவில்லை. இடது பின் ஷாக் மட்டும் சூடே ஆகவில்லை, கீழே எண்ணெய்ப் பிசுக்கு. டிஃபரன்ஷியலில் கீறல் எதுவும் இல்லை, சைடு ஸ்டெப்தான் கல்லில் உரசியிருக்கிறது.

ஆகவே இப்போதைக்குப் பின் ஷாக் இரண்டும் புதிது, கூடவே காற்றுப் பை. சைடு ஸ்டெப்பைக் கழற்றலாம் என்றால் அம்மாவுக்கு ஏற முடியாது, அதனால் அது இருக்கட்டும். முன்பக்கம் வின்ச் வந்த பிறகு.

லோ ரேஞ்ச்:
இந்த முடிவில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. சைடு ஸ்டெப் உரசுவது காற்றுப் பையால் தீராது. பின்பக்கம்தான் கொஞ்சம் நிமிரும். வின்ச் வரும்போது முன் ஸ்பிரிங்கைத் தொட்டே ஆக வேண்டும், அப்போது இரண்டாவது தடவை கூலி கொடுப்பீர்கள்.

ஸ்பேனர் செட்:
கொடுக்கட்டும். வின்ச் மாட்டியதும் எடை மேடையில் முன் சக்கரத்தை மட்டும் ஏற்றிப் பார்த்து, அந்த எடைக்கு ஸ்பிரிங் தேர்ந்தெடுக்கலாம். இப்போதே வாங்கினால் ஊகத்தில் வாங்குவதாகிவிடும்.

தம்பி, ஷாக் ஆர்டர் கொடுக்கும்போது கம்பெனி உயரத்துக்கு உள்ள நீளம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கடைக்காரர் லிஃப்ட் வண்டிக்கான நீள ஷாக்கை எடுத்துக் கொடுத்தால், முழுசாக அமுங்கும்போது பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே ஷாக் உள்ளே முட்டி உடையும். புதுசு மாட்டும்முன் இரண்டையும் பழைய ஷாக்கோடு பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள், மூடிய நீளமும் விரிந்த நீளமும்.