மூன்று ஆண்டுகளாக பிளே-ஆஃப் தோல்வி: கிளீவ்லாந்து கேவலியர்ஸ் அணியைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

அதிகாலை நேரலை (கேள்வி, ஜூன் 2025 இறுதி)

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஓக்லஹோமா சிட்டி கோப்பையை வென்று சீசனே முடிந்துவிட்ட பிறகும், மே மாதத்தில் இண்டியானாவிடம் கிளீவ்லாந்து தோற்ற விதம் என் மனத்தை விட்டு அகலவில்லை. 82 ஆட்டங்களில் 64 வெற்றிகள், தொடக்கத்திலேயே தொடர்ச்சியாக 15 வெற்றிகள், கிழக்குப் பிரிவில் முதலிடம், பிளே-ஆஃபில் (சீசனுக்குப் பிந்தைய வெளியேற்றுச் சுற்றுகளில்) மயாமிக்கு எதிரான முதல் சுற்றில் நான்கு ஆட்டங்களிலும் வெற்றி என்று வந்த அணி, அடுத்த சுற்றில் 4-1 என்று வெளியேறியது. அந்தத் தொடரின் நான்காம் ஆட்டத்தில் இடைவேளையின்போது புள்ளிப்பலகை 80-39 என்று காட்டியதைக் கண்ட பிறகு எனக்குத் தூக்கமும் வரவில்லை, தொடர்ந்து பார்க்கவும் மனம் வரவில்லை.

இது ஒரு முறை நடந்த விபத்து என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 2023இல் நியூயார்க்கிடம் 4-1, 2024இல் பாஸ்டனிடம் 4-1, இப்போது மீண்டும் 4-1. பயிற்சியாளர் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃபை நீக்கி கென்னி அட்கின்சனைக் கொண்டுவந்தார்கள். அவர் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் பெற்றார். ஆனால் முடிவு மாறவில்லை. டோனோவன் மிட்செல் 2017இல் லீகுக்கு வந்ததிலிருந்து ஒரு சீசன்கூட விடாமல் பிளே-ஆஃப் ஆடியும், இன்றுவரை பிரிவு இறுதியை (கிழக்கு அல்லது மேற்குப் பிரிவின் இறுதித் தொடரை) எட்டியதில்லை. இந்த நால்வரை, அதாவது மிட்செல், டேரியஸ் கார்லண்ட், எவன் மோப்லி, ஜாரட் ஆலன் ஆகியோரை, இன்னும் எத்தனை ஆண்டுகள் நம்புவது? மதிப்பு குறைவதற்கு முன்பே விற்றுவிட்டு, இளைஞர்களைக் கொண்டு புதிதாகக் கட்டுவது நல்லதல்லவா? ஆட்டத்தை நுணுக்கமாகக் கவனிப்பவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பழைய பாயின்ட் கார்டு

உங்கள் வருத்தம் முழுவதும் நியாயமானது. ஆனால் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்ற வழி கிளீவ்லாந்துக்கு இப்போது திறந்திருக்கவே இல்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் மிட்செலை யூட்டாவிடமிருந்து வாங்கியபோது லௌரி மார்க்கனென், காலின் செக்ஸ்டன், ஓச்சாய் அக்பாஜி ஆகியோருடன் டிராஃப்டில் (புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) 2025, 2027, 2029 ஆண்டுகளுக்கான முதல் சுற்றுத் தேர்வுரிமைகளையும், 2026, 2028 ஆண்டுகளில் தேர்வுரிமையை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தார்கள். ஓர் அணி வேண்டுமென்றே பின்தங்குவதன் பயனே டிராஃப்டில் முன்வரிசையில் நிற்பதுதான். தன் தேர்வுரிமைகளைக் கொடுத்துவிட்ட அணி 20 ஆட்டங்கள் மட்டும் வென்று கடைசி இடத்துக்குப் போனால், அந்தத் துன்பத்தின் பலனை வேறோர் அணி அறுவடை செய்யும். உழுவதும் விதைப்பதும் நாம், நெல் மட்டும் அடுத்தவர் களஞ்சியத்துக்கு என்றாகும்.

அதே டிரேடின் (வீரர் பரிமாற்றத்தின்) மறுபக்கத்தையும் பாருங்கள். 2020-21இல் லீகிலேயே அதிக வெற்றிகள் பெற்றிருந்தும் இரண்டாம் சுற்றில் கிளிப்பர்ஸிடம் தோற்ற யூட்டா, அடுத்த ஆண்டு முதல் சுற்றிலேயே வெளியேறியதும், ரூடி கோபெர், மிட்செல் இருவரையும் ஒரே கோடையில் விற்றது. நீங்கள் கேட்கும் மறுகட்டுமானம் இதுதான். அதன் பிறகு அவர்கள் வென்ற ஆட்டங்கள் முறையே 37, 31, 17. லீகின் கடைசி இடத்தைப் பிடித்து இந்த ஆண்டு டிராஃப்ட் வரிசையை முடிவு செய்யும் லாட்டரிக்குப் போனவர்களுக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். 2019இல் விதி மாறிய பிறகு கடைசி மூன்று அணிகளுக்கும் முதலிடத்துக்கான வாய்ப்பு தலா 14 விழுக்காடுதான். வெறும் 1.8 விழுக்காடு வாய்ப்போடு வந்த டாலஸ் முதலிடத்தைப் பெற்று, இளம் வீரர் கூப்பர் ஃபிளாக்கைக் கொண்டு போனது. மூன்றாண்டுத் தோல்வியைப் பொறுமையாகத் தாங்கிய யூட்டா ரசிகர்கள் அந்த இரவில் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை நினைத்தாலே கனமாக இருக்கிறது.

கிளீவ்லாந்தே இந்தப் பாதையில் நடந்த அணிதான். நட்சத்திர வீரர் லெப்ரான் ஜேம்ஸ் 2018இல் சென்ற பிறகு மூன்று சீசன்களில் 19, 19, 22 வெற்றிகளோடு தவித்துத்தான் கார்லண்டையும் மோப்லியையும் டிராஃப்டில் பெற்றார்கள். 24 வயதான மோப்லி இந்த ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர். மறுகட்டுமானத்தில் நாம் தேடுவது இவரைப் போன்ற ஒருவரைத்தான். அவரைக் கையில் வைத்துக்கொண்டே மீண்டும் தேடப் புறப்படுவதில் பொருளில்லை.

நிக் அண்ட் ரோல்

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆயினும் கலைக்கக் கூடாது என்பதற்கும் எதையும் தொடக் கூடாது என்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. மிட்செல், கார்லண்ட் இருவருமே ஆறடி மூன்று அங்குலத்தைத் தாண்டாத கார்டுகள் (பந்தை முன்னே கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் வீரர்கள்). நீண்ட சீசனில் ஓர் எதிரணிக்கு ஓர் இரவுதான் கிடைக்கிறது. அதில் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. பிளே-ஆஃபில் ஒரே எதிரணி இரண்டு வாரம் தொடர்ந்து அந்த இருவரையே ஒவ்வொரு ஆட்டத்திலும் குறிவைத்துத் தாக்கும். இண்டியானா இன்னும் ஒரு படி மேலே போய், களத்தின் முழு நீளத்துக்கும் நெருக்கிப் பிடித்து, பந்தை முன்னே கொண்டுவருவதையே உழைப்பாக மாற்றியது.

இதே கிளீவ்லாந்து 2016, 2017, 2018 என்று மூன்று ஆண்டுகள் வரிசையாக டொராண்டோவை வெளியேற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது டொராண்டோ அணியைக் கலைக்கவில்லை. ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது பெறவிருந்த டுவேன் கேசியை நீக்கியது. ரசிகர்கள் உயிராக நேசித்த டெமார் டிரோசனைக் கொடுத்து, கவாய் லெனார்டையும் டேனி கிரீனையும் வாங்கியது. 2019இல் கோப்பை வந்தது. மில்வாக்கியும் 2019, 2020 தோல்விகளுக்குப் பின் ஜ்ரூ ஹாலிடேயை வாங்கி 2021இல் வென்றது. பாஸ்டனோ பல ஆண்டுகள் பிரிவு இறுதியிலும், 2022இல் இறுதித் தொடரிலும் தோற்ற பிறகு, மார்கஸ் ஸ்மார்ட்டைப் பிரியும் வலியை ஏற்று போர்சிங்கிஸையும் ஹாலிடேயையும் சேர்த்தது; 2024இல் வென்றது. மூன்று அணிகளும் நடுத்தூணைத் தொடாமல், ஒரே ஒரு கடினமான முடிவை எடுத்தன. கிளீவ்லாந்தில் அந்த முடிவு கார்லண்டைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அவரைக் கொடுத்து, உயரமும் தற்காப்பும் உள்ள ஒரு விங் (பக்கவாட்டில் ஆடும்) வீரரை வாங்க வேண்டும்.

பழைய பாயின்ட் கார்டு

இலக்கு சரி, வழியில்தான் சிக்கல். மோப்லி பெற்ற விருதால் அவருடைய சம்பளம், அணிக்கான சம்பள உச்சவரம்பில் 25 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாக உயர்கிறது. அணியின் மொத்தச் சம்பளம் ‘இரண்டாம் ஏப்ரன்’ என்னும் கோட்டைத் தாண்டுகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் அணி இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. கொடுப்பதைவிட ஒரு டாலர் அதிகமாகத் திரும்பப் பெறவும் முடியாது. டொராண்டோ 2018இல் செய்ததை இன்றைய விதிகளின் கீழ் செய்வது அவ்வளவு எளிதல்ல. மேலும் கார்லண்ட் பெருவிரல் காயத்தால் இண்டியானாவுக்கு எதிரான முதல் இரண்டு ஆட்டங்களில் இல்லை. இம்மாதம்தான் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். காயத்தோடு இருக்கும் வீரரை விற்றால் பாதி விலைதான் கிடைக்கும்.

அதிகாலை நேரலை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தேர்வுரிமைகள் கைவிட்டுப் போனதை நான் அறிந்திருந்தும், தோல்வியின் வேகத்தில் அதன் பொருளை முழுமையாக எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டாம் ஆட்டத்தில் மோப்லியும் நம் அணியின் ஹண்டரும்கூட இல்லாத நிலையில், கடைசி நொடிகளில் இண்டியானாவின் ஹாலிபர்ட்டன் போட்ட ஒரு மூன்று புள்ளியால் 120-119 என்று தோற்றோம் என்பதையும் இப்போது மீண்டும் எடைபோட்டுப் பார்க்கிறேன்.

எனக்கு இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. பாஸ்டனின் டேட்டமும் இண்டியானாவின் ஹாலிபர்ட்டனும் குதிகால் தசைநார் அறுந்து நீண்ட காலம் வெளியே இருக்கப் போகிறார்கள். ஒருவரின் காயத்தில் மகிழ்வதற்கு இடமில்லை. ஆனால் கிழக்குப் பிரிவு இதுபோலத் திறந்து கிடக்கும் ஆண்டு அடிக்கடி வராது. அப்படியிருக்க, கார்லண்டை இந்தக் கோடையில் விற்காமல், அவர் குணமாகித் திரும்பிய பிறகு பிப்ரவரி டிரேட் கெடு நெருங்கும்போது முடிவு செய்வது சரியாக இருக்காதா?

நிக் அண்ட் ரோல்

அந்தக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் பிப்ரவரிக்குள் 35 வெற்றிகள் வந்திருந்தால், அணி நன்றாக ஓடுகிறதே என்று நிர்வாகம் கையைக் கட்டிக்கொண்டுவிடும் என்பதே என் அச்சம். 64 வெற்றிகள் இந்த முறை அந்தக் குறையை மறக்கடித்ததும் அப்படித்தான். ஆகவே டிசம்பர், ஜனவரி மாதங்களில் புள்ளிப் பட்டியலைப் பார்க்காமல், நெருக்கிப் பிடிக்கும் அணிகளுக்கு எதிராக அந்த இரு கார்டுகளும் கடைசி ஆறு நிமிடங்களை எப்படிக் கடக்கிறார்கள் என்பதை மட்டும் கவனிப்போம்.