கணவன், மனைவி இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே, வணக்கம். தன்பாலினத்தவரும் மணந்துகொள்ள வழிசெய்த தாய்லாந்தின் திருமணச் சமத்துவச் சட்டம் பற்றி எங்கள் வாசகர் வட்டத்துக்காகச் சிறு கையேடு எழுதுகிறேன். ஒரு சொல்லில் சிக்கிப் பாதியில் நிற்கிறேன்.

தைவான் 2019இல் தன்பாலினத்தவருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அதில் விடுபட்ட, இருவரும் சேர்ந்து பிறர் குழந்தையைத் தத்தெடுக்கும் உரிமைக்கு அவர்கள் 2023 வரை காத்திருக்க நேர்ந்தது. தாய்லாந்தோ இருக்கும் குடிமைச் சட்டத்தையே திருத்தியது. 'ஆண்', 'பெண்' இருந்த இடத்தில் 'நபர்'. 'கணவன்', 'மனைவி' இருந்த இடத்தில் பால் சுட்டாத ஒரு சொல். 2025 ஜனவரி 23 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வாரிசுரிமை, தத்தெடுப்பு, நினைவிழந்து கிடக்கும் துணையின் சிகிச்சைக்கு ஒப்புதல் தருவது எல்லாமே அந்தச் சொல்லோடு வந்தவை. அதனால்தான் ஏதோ ஒன்றைப் போட்டு நிரப்ப மனம் வரவில்லை.

'வாழ்க்கைத்துணை' இதமாக இருக்கிறது, ஆனால் சட்டப் பிரிவுக்குள் தளர்ந்து போகிறது. 'துணைவர்' என்றால் பலருக்கு ஆண்தான் தோன்றும். 'இணையர்' எனக்குப் பிடித்த சொல். ஒருவரைக் குறிக்கிறதா, இருவரையுமா என்று படிப்பவர் தடுமாறுகிறார். 'மணத்துணை' என்று நானே ஒன்று கட்டிப் பார்த்தேன். காதுக்கு எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்.

சட்ட மொழிபெயர்ப்பில் பழகியவர்கள், தன்பாலின இணையாக வாழ்பவர்கள் இருவரின் கருத்தும் தேவை; பின்னவர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்கள் என்பதே எனக்கு முதன்மை.

தாய்லாந்து மொழி படிக்கத் தெரிந்தவர் யாரேனும் இருந்தால் இன்னோர் உதவி: பெற்றோர் பற்றிய பிரிவுகளில் 'தந்தை', 'தாய்' என்ற சொற்கள் மாற்றப்படாமலே நின்றுவிட்டன. அந்தப் பகுதியை மூலத்தோடு ஒப்பிட்டுத் தர வேண்டும். இம்மாத இறுதிக்குள் அச்சுக்குக் கொடுக்கிறேன்.