டி.எக்ஸிங்: தொலைக்கேட்பா, சேண்கேட்பா, தூரம் பிடித்தலா?

கொழிஞ்சாம்பாறை (ஆசிரியை):
வணக்கம். தமிழ்வழிப் பள்ளி அறிவியல் மன்றத்துக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரவில் மத்திய அலையில் தொலைதூர நிலையங்களைத் தேடி, இன்ன நிலையம் என்று உறுதிசெய்து, குறித்துவைக்கும் பொழுதுபோக்கைப் பற்றியது. டி.எக்ஸிங் என்கிறார்கள், தந்திக்காரர்கள் தொலைவைக் குறிக்கச் சுருக்கி எழுதிய இரண்டெழுத்து. எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசுகிறவர்கள். தலைப்புக்கு ஒரு சொல் வேண்டும். இன்னொன்று: அயனி மண்டலத்தில் (மேல் வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்குகள்) பட்டுத் திரும்பும் அலையை ‘வானலை’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

செங்கோட்டை (தமிழாசிரியர், ஓய்வு):
அம்மா, ‘சேண்கேட்பு’ என்று வையுங்கள். சேண், சேய்மை இரண்டும் தொலைவைக் குறிக்கும் நம் சொற்கள். தொல்காப்பியத்தில் பெயர் சொல்லி அழைப்பதைப் பற்றிய விளிமரபைப் பாருங்கள்: தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது பெயர் தன் மாத்திரை அளவைத் தாண்டி நீண்டு ஒலிக்கும் என்கிறார். தொலைவு கூடினால் ஒலியின் வடிவம் மாறும் என்பதை இலக்கணமாகவே எழுதிவைத்த மொழி இது. ‘தொலை’யை மட்டும் தொடாதீர்கள். தொலைதல் என்றால் அழிதல், காணாமற்போதல். கிடைத்த நிலையத்துக்கு அந்தப் பெயரா?

நகரி:
ஐயா, ‘சேண்’ என்றால் இந்தப் பக்கத்துப் பிள்ளை குதிரைச் சேணத்தைத்தான் நினைக்கும். ‘தூரம்’ தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் ஒன்றே. வடசொல்தான், ஆனால் எல்லைப்புறத்தில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த சொல். என் ஓட்டு ‘தூரக்கேட்பு’.

டீச்சர், ‘வானலை’ வேண்டாம். ‘வானலையில் வருகிறது’ என்றால் ஒலிபரப்பாகிறது என்றுதான் பொருள் கொள்வார்கள். நிலத்தை ஒட்டி வருவது தரை அலை, மேலே போய்த் திரும்புவது ‘வான்வழி அலை’. இந்த வேறுபாடு புரியாவிட்டால் இரவில் ஏன் கேட்கிறது என்பதே புரியாது. பகலில் சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும், அயனி மண்டலத்தின் அடித்தட்டான டி அடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அது கலைகிறது. அதற்கு மேலுள்ள அடுக்குகளைத் தொட்டு அலை திரும்பி வருகிறது. ஆகவே அந்தி நேரத்தில் முதலில் திறப்பது கிழக்கு, அங்கே ஏற்கெனவே இருட்டு. விடியலுக்கு முன்பு மேற்கைத் தேடவேண்டும். தரை அலையும் வான்வழி அலையும் ஒரே வலுவில் வந்து சேரும் தொலைவில்தான் ஒலி மோசமாக ஏறி இறங்கும். அதைக் கையேட்டில் ‘மங்கல்’ என்று போடுங்கள், போதும்.

வேலந்தாவளம் (ரேடியோ மெக்கானிக்):
கேட்பு, கேட்பு என்கிறீர்கள். கேட்பது கடைசி வேலை. முதல் வேலை பிடிப்பது. ‘ஸ்டேஷன் பிடிக்குதா’ என்றுதான் கடைக்கு வருகிறவர் எல்லாரும் கேட்பார்கள். ‘தூரம் பிடித்தல்’ என்று போடுங்கள் டீச்சர்.

கையேட்டில் சட்ட ஆன்டெனா உண்டா? இல்லையென்றால் சேருங்கள். 60 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர மரச்சட்டம், அதில் இன்சுலேஷன் போட்ட கம்பி 12 சுற்று, சுற்றுக்குச் சுற்று சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டு முனையையும் 500 பிகோஃபாரட் கேங் கண்டன்சரில் (திருப்பினால் கொள்ளளவு மாறும் மின்தேக்கி) சேர்த்தால் 531இலிருந்து 1602 கிலோஹெர்ட்ஸ் வரை முழுப் பட்டையும் வரும். 365 பிகோ கேங்தான் கிடைத்தது என்றால் 14 சுற்று வேண்டும். அப்போது கம்பிகளுக்கிடையே தேங்கும் கொள்ளளவால் 1500க்கு மேலே எட்டாமல் போகலாம். சுற்றுகளை ஒட்ட ஒட்டச் சுற்றினாலும் இதே கோளாறுதான். ரேடியோவோடு ஒயர் எதுவும் இணைக்கவேண்டாம். செட்டுக்குள் ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பி, சட்டத்தில் சுற்றிய கம்பிச்சுருளுக்கு அச்சாக நிற்கும்படி பக்கத்தில் வைத்து, கேங்கைத் திருப்பினால் ஓர் இடத்தில் ஒலி குபீரென்று எழும். அதுதான் இசைவு, சட்டமும் நிலையமும் ஒரே அலைவெண்ணில் சேரும் இடம்.

உங்கள் ஊரில் திருச்சூர் வானொலியின் 630 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து அலைகளை அமுக்கும். செட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஃபெரைட் கம்பியின் நுனி மேற்கு-தென்மேற்காகத் திருச்சூரையே நோக்கும்படி மெல்லத் திருப்புங்கள். அந்த நிலையம் தேயும், 621உம் 639உம் தேடத் தக்கதாகும். இரைச்சல் கரகரவென்று ஒரே சீராக வந்தால் அது வானம் இல்லை, எல்.இ.டி. பல்போ செல்போன் சார்ஜரோ. வீட்டு மெயினை இறக்கிவிட்டு பேட்டரியில் கேட்டால் தெரிந்துவிடும்.

செங்கோட்டை:
> கேட்பது கடைசி வேலை. முதல் வேலை பிடிப்பது.

தம்பி சொல்வது நல்ல பொருத்தம். ஆனால் அடிக்குறிப்பில் பிடிப்பவரை என்னவென்று எழுதுவீர்கள்? ‘தூரம் பிடிப்பவர்’ நீளம். சேண்கேட்பு என்றால் சேண்கேட்பர், சேண்கேட்புக் குறிப்பு, சேண்கேட்புச் செட்டு என்று கிளைக்கும். கிளைக்காத சொல் கலைச்சொல் ஆகாது. ‘ஆகாசவாணி’யைப் பாருங்கள். 1935இல் மைசூரில் எம். வி. கோபாலசாமி நடத்திய நிலையத்தின் பெயர் அது. பிறகு நாடு முழுவதற்கும் ஆயிற்று. பெயராக நின்றதே தவிரத் தமிழில் அதிலிருந்து ஒரு வினை பிறக்கவில்லை. ‘ஒலிபரப்பு’ பிறந்த அன்றே ஒலிபரப்பினான், ஒலிபரப்பாளர் எல்லாம் வந்துவிட்டன.

நகரி:
கிளைக்கவேண்டும் என்பது சரி ஐயா. அப்படியானால் ‘தொலைக்கேட்பு’. தொலைக்காட்சி பார்க்கும் வீட்டில் யாரும் அழிவை நினைப்பதில்லை.

டீச்சர், கேட்டதை நிலையத்துக்குத் தெரிவிக்கும் அறிக்கைப் பக்கத்தில் ஒன்று கவனியுங்கள். நிலையத்துக்கு எழுதும்போது உலக நேரத்தில் எழுதவேண்டும், நம் நேரத்தில் ஐந்தரை மணி கழித்து. நள்ளிரவு தாண்டி விடிகாலை 5.30க்குள் கேட்டதென்றால் தேதியும் முந்தைய நாள் ஆகும். பிள்ளைகள் நேரத்தைக் கழித்துவிட்டுத் தேதியை மறந்துவிடுவார்கள். தேதி பொருந்தாவிட்டால், நீங்கள் கேட்டது தங்களைத்தான் என்று நிலையம் உறுதிப்படுத்தி அனுப்பும் அட்டை வராது. ‘நன்றாகக் கேட்டது’ என்று மட்டும் எழுதினாலும் பயனில்லை. நிமிடக் கணக்கோடு என்ன பாட்டு, எந்த மொழியில் செய்தி, அறிவிப்பாளர் ஆணா பெண்ணா என்று குறிக்கவேண்டும்.

கொழிஞ்சாம்பாறை:
எல்லாருக்கும் நன்றி. வான்வழி அலை, மங்கல் இரண்டும் ஏற்கப்பட்டன. தலைப்புக்குத் ‘தொலைக்கேட்பு’, கேட்பவருக்குத் ‘தொலைக்கேட்பர்’. முதல் வரியில் டி.எக்ஸிங் என்ற பெயரும் இருக்கும். செய்முறைப் பகுதி முழுக்க ‘பிடிப்பது’ என்றே எழுதுகிறேன், அதில் அண்ணன் சொன்னதுதான் சரி.

வேலந்தாவளம்:
சரி டீச்சர். கேங் படத்தை நாளைக்கு வரைந்து அனுப்புகிறேன்.

செங்கோட்டை:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. அச்சுக்குப் போகுமுன் ஒன்று: தொலைபேசியில் ஒற்று மிகவில்லை, தொலைக்காட்சியில் மிகுந்தது. ‘தொலைக்கேட்பு’க்கு எது முன்மாதிரி என்று முடிவுசெய்துவிட்டு அந்தக் ‘க்’கை வையுங்கள்.