பதில்: போகொட பாலத்துக்குக் காசு: முதலில் அனுமதி, அப்புறம் வசூல்

எல்லோருக்கும் வணக்கம். பதுளைப் பக்கம் ஹாலிஎலக்கு அருகே, புத்த விகாரையை ஒட்டி இருக்கும் பழைய போகொட மரப்பாலத்தைச் சரிசெய்ய ஆளுக்கு 100 டொலர் போடலாம் என்று நம் சங்க மடலில் வந்த யோசனைக்கு இது என் பதில்.

டொரொண்டோ அண்ணன் மகள் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிள்ளைக்கு அந்தக் கண் இருந்ததே பெரிய விஷயம். கூரை ஓரத்தில் நாலைந்து ஓடு இறங்கியிருக்கிறது. அதற்கு நேர் கீழே கைப்பிடி மரம் கறுத்து ஈரம் ஊறிக் கிடக்கிறது. கவலைப்பட வேண்டியதுதான். அந்தப் பாலத்தில் ஆணி கூட மரம். பலா, மருது, கருங்காலி என்று பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். மர ஆணி அடித்த துளைக்குள் மழைத் தண்ணீர் நின்றால் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும், வெளியே தெரியாது. அதற்காகத்தானே 15 மீட்டர் நீளத்துக்கும் கூரை போட்டார்கள்! ஐப்பசி மழைக்கு முன் ஓடு சரியாக வேண்டும்.

ஆனால் நாம் ஆளுக்கு 100 டொலர் போட்டு, ஹாலிஎலயில் ஒரு பாஸை, அதாவது மேஸ்திரியைப் பிடித்து ஏற்றிவிட முடியாது. அது தொல்பொருளியல் திணைக்களத்தின் பொறுப்பு. அனுமதி இல்லாமல் கை வைத்தால் சட்டப்படி குற்றம். இரும்பு ஆணியும் சீமெந்தும் போட்டுக் கெடுத்துவிட்டால் அந்தப் பாவம் நம் தலையில்.

லண்டன் தம்பி, “விகாரைப் பாலம், அவர்களே பார்க்கட்டும்” என்று நீங்கள் எழுதியது வலிக்கிறது. பதுளைக்கும் கண்டிக்கும் போன பழைய பாதை அந்தப் பாலத்தின் மேல்தான் கல்லந்த ஓயாவைத் தாண்டியது. எல்லா ஜனமும் நடந்த பாலம். உங்கள் அப்பா காய்ச்சலில் கிடந்தபோது நாங்கள் அதைத் தாண்டிப் போய்த்தான் கஷாயம் வாங்கி வந்தோம். கஷாயம் கொடுத்த நாட்டு வைத்தியர் வெதமாத்தயா ஒரு சதம் வாங்கவில்லை. அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

கணக்கப்பிள்ளை மாமா கேட்பதும் நியாயம். முன்பு கோயில் தேருக்கு நாம் சேர்த்த காசில் மிச்சம் எவ்வளவு, யார் கையில் இருக்கிறது? மடலுக்கு மேல் மடல் போடுகிறார், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெரியவரை இப்படிக் காக்க வைப்பது நமக்கு அழகா?

திணைக்களத்துக்கும் விகாரையின் தலைமைத் துறவியான விகாராதிபதிக்கும் படங்களோடு சங்கத்தின் பேரில் கடிதம் போடுவோம். சிங்களத்தில் எழுத என் மருமகள் இருக்கிறாள், இந்த வாரமே முடித்துத் தருவாள். என்ன உதவி வேண்டும் என்று அவர்கள் எழுத்தில் சொல்லட்டும். அதற்குள் தேர்க் கணக்கும் இங்கே வரட்டும். என் 100 டொலர் தயாராக இருக்கிறது. தேர்க் காசு போட்ட பழைய கணக்கிலேயே போடச் சொன்னால் அனுப்ப மாட்டேன்.

மேட்டு லயம் சின்னவர்,
மெல்பன்